'கிராவிட்டி' படம் காட்டியது வெறும் கற்பனையா? 12 வருஷத்தில் விண்வெளியில் ஒவ்வொன்றாக நடந்தது என்ன?

2025 நவம்பர் 5. சீனாவின் தியாங்கொங் விண்வெளி நிலையத்தில் ஆறு மாசம் தங்கியிருந்த மூன்று வீரர்கள் அன்றைக்கு பூமிக்குத் திரும்பியிருக்க வேண்டும். அடுத்த குழு வந்து சேர்ந்து, பொறுப்பும் கைமாறிவிட்டது. இனி ஷென்ஷோ 20 விண்கலத்தில் ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி. கடைசி நேரத்தில், 'இப்போ கிளம்ப வேண்டாம்' என்று உத்தரவு வந்தது.

காரணம், விண்கலத்தின் ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய விரிசல்கள். விண்வெளிக் குப்பைத் துணுக்கு ஒன்று மோதியிருக்கலாம் என்று சீன விண்வெளி அமைப்பு அறிவித்தது. திரும்பி வரும்போது வளிமண்டலத்தில் ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பத்தைத் தாங்க வேண்டிய கலம் அது. விரிசல் விட்ட கண்ணாடியை நம்பி யாரையும் ஏற்ற முடியாது.

இந்தச் செய்தியைப் படித்த சினிமா ரசிகர்கள் பலருக்கும் சட்டென்று ஞாபகம் வந்திருக்கக்கூடிய படம் ஒன்று உண்டு. 2013ல் வெளியான 'கிராவிட்டி'. அதிலும் விண்வெளிக் குப்பைதான் வில்லன். அதிலும் தியாங்கொங் நிலையம் வரும். அதிலும் கதாநாயகி கடைசியாக நம்பி ஏறுவது ஒரு ஷென்ஷோ கலத்தில்தான்.

படம் வந்தபோது, 'பார்க்க பிரமாதம், ஆனா இதெல்லாம் நடக்கவே நடக்காது' என்று சொன்னவர்கள் நிறைய பேர். அவர்கள் சொன்னது எவ்வளவு சரி? படத்தின் அடிப்படைக் கரு உண்மையிலேயே சாத்தியமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

படத்தின் கதை என்ன?

அல்போன்சோ குவாரோன் இயக்கத்தில், சாண்ட்ரா புல்லக், ஜார்ஜ் க்ளூனி நடித்த படம். சிறந்த இயக்குநர், சிறந்த ஒளிப்பதிவு உட்பட 7 ஆஸ்கர் விருதுகளை வாங்கியது.

கதை ரொம்ப சிம்பிள். ஹப்பிள் தொலைநோக்கியில் விண்வெளி வீரர்கள் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ரஷ்யா, தன்னுடைய பழைய செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் உடைக்கிறது. சிதறிய துண்டுகள் அடுத்தடுத்த செயற்கைக்கோள்களைத் தாக்க, அவையும் உடைந்து சிதறுகின்றன. இந்தக் குப்பை மேகம் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வந்து தாக்குகிறது. விண்கலம் நொறுங்கிவிட, தப்பிய கதாநாயகி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகிறார். அங்கே இருக்கும் சோயுஸ் கலம் சேதமடைந்திருக்கிறது. அங்கிருந்து சீன நிலையத்துக்குப் போய், ஒருவழியாக பூமிக்கு வந்து சேர்கிறார்.

முதலில், படம் செய்த தப்புகள்

படத்துக்கு ஆதரவாகப் பேசுவதற்கு முன்னால், அதன் ஓட்டைகளை ஒத்துக்கொள்ள வேண்டும். பெரிய ஓட்டைகளே இருக்கின்றன.

* ஹப்பிளில் இருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குத் தாவ முடியாது. ஹப்பிள் சுமார் 500 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு சுமார் 28 டிகிரி சாய்வில் சுற்றுகிறது. விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், சுமார் 52 டிகிரி சாய்வில் சுற்றுகிறது. இரண்டும் வேறு வேறு சாலைகள். வீரர் முதுகில் மாட்டிக்கொள்ளும் சின்ன உந்துகருவியை வைத்து ஒரு சாலையில் இருந்து இன்னொன்றுக்கு மாறவே முடியாது.

* குப்பை மோதியதும் பூமியோடு தொடர்பு அறுந்துபோவதாகப் படம் காட்டும். ஆனால் நாசாவின் தகவல் தொடர்புக்கு உதவும் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பவை. 500 கி.மீ. உயரத்தில் சிதறும் துண்டுகள் அங்கே போய்ச் சேராது.

* க்ளூனி கதாபாத்திரம் கயிற்றை விட்டுப் பிரியும் காட்சியில், அவரை இழுத்துக்கொண்டே இருக்க அங்கே எந்த விசையும் இல்லை. லேசாக இழுத்திருந்தாலே இவர் பக்கம் வந்திருப்பார்.

* நாசாவின் ஷட்டில் விண்கலங்கள் 2011லேயே ஓய்வு பெற்றுவிட்டன.

பிரபல வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன், படம் வந்த சமயத்தில் ட்விட்டரில் இப்படி அடுக்கடுக்காகக் குறைகளைப் பட்டியல் போட்டார். படம் தனக்கு ரொம்பப் பிடித்திருந்ததாகவும் கூடவே சொன்னார்.

கவனிக்க வேண்டிய விஷயம் என்னவென்றால், மேலே சொன்ன எதுவும் படத்தின் அடிப்படைக் கருவைத் தொடவில்லை. கதாநாயகி எப்படித் தப்பித்தார் என்பதில்தான் ஓட்டை. ஆபத்து எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. அதற்கான பதில், படம் வந்த பிறகு நடந்த சம்பவங்களில் இருக்கிறது.

காட்சி 1: ரஷ்யாவின் ஏவுகணை

2021 நவம்பர் 15. ரஷ்யா ஓர் ஏவுகணையை அனுப்பி, 1982ல் ஏவப்பட்டு செயலிழந்து கிடந்த தன்னுடைய காஸ்மோஸ் 1408 செயற்கைக்கோளை உடைத்தது. ரேடாரில் கண்காணிக்கக்கூடிய அளவுள்ள துண்டுகள் மட்டுமே 1,500க்கும் மேல் சிதறின.

படம் வந்து 8 வருஷம் கழித்து, படத்தில் காட்டிய அதே நாடு, அதே வேலையைச் செய்தது. ஆனால் ரஷ்யாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1985லும் 2008லும் அமெரிக்கா தன் செயற்கைக்கோள்களை ஏவுகணையால் உடைத்திருக்கிறது. 2007ல் சீனா, ஃபெங்யுன் 1சி என்ற தன்னுடைய பழைய வானிலை செயற்கைக்கோளை உடைத்தது. 2019 மார்ச் 27ல் இந்தியாவும் 'மிஷன் சக்தி' என்ற பெயரில் இதே சோதனையை நடத்தியது.

இந்தச் சோதனைகளைப் புரிந்துகொள்ள, நடுரோட்டில் பூசணிக்காய் உடைப்பதை நினைத்துப் பார்த்தால் போதும். உடைப்பவர் தன் கடைக்கோ வண்டிக்கோ திருஷ்டி கழிய வேண்டும் என்று உடைக்கிறார். அதில் சறுக்கி விழுவது பின்னால் வரும் ஏதோ ஒரு பைக்காரர். ரோட்டிலாவது மறுநாள் யாராவது கூட்டி அள்ளிவிடுவார்கள். விண்வெளியில் அதற்கும் ஆள் இல்லை.

காட்சி 2: 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் ஆபத்து

படத்தில் கதாநாயகி தன் கைக்கடிகாரத்தில் 90 நிமிடம் அலாரம் வைப்பார். 'சினிமாவுக்காக வைத்த சஸ்பென்ஸ்' என்று தோன்றும். உண்மையில் அது கணக்குதான். பூமிக்கு 400, 500 கி.மீ. உயரத்தில் இருக்கும் எந்தப் பொருளும் உலகத்தை ஒருமுறை சுற்றிவர சுமார் 90 நிமிடம் ஆகும். குப்பையும் அந்த உயரத்தில் இருந்தால், அதற்கும் அதே நேரம்தான்.

2021ல் ரஷ்யா செயற்கைக்கோளை உடைத்த அன்று, சர்வதேச விண்வெளி நிலையத்தில் 7 பேர் இருந்தார்கள். நான்கு அமெரிக்கர்கள், ஒரு ஜெர்மானியர், இரண்டு ரஷ்யர்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ராஜா சாரியும் அதில் ஒருவர். எல்லோரும் அவசரமாக டிராகன், சோயுஸ் கலங்களுக்குள் போய் சுமார் 2 மணி நேரம் பதுங்கினார்கள். நிலையம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் குப்பை மேகத்தின் வழியாகவோ அருகிலோ கடந்துபோகிறது என்று நாசா அன்றைக்கு அறிக்கை விட்டது.

படத்தில் சொன்ன அதே 90 நிமிடம். ரஷ்யா விட்ட ஏவுகணையால் ரஷ்ய வீரர்களே பதுங்க வேண்டிய நிலை. கதாசிரியர் இப்படி எழுதியிருந்தால், 'ஓவரா இருக்கு' என்று சொல்லியிருப்பார்கள்.

காட்சி 3: சின்னத் துண்டு இவ்வளவு சேதம் செய்யுமா?

செய்யும். காரணம் வேகம்.

தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு பொருள் விநாடிக்கு சுமார் 7.7 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. அதாவது மணிக்கு சுமார் 28,000 கி.மீ. இரண்டு பொருள்கள் குறுக்கும் நெடுக்குமாக வந்து மோதினால், மோதும் வேகம் விநாடிக்கு 10 கி.மீ.யைத் தாண்டிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1 செ.மீ. குறுக்களவுள்ள அலுமினிய உருண்டை. எடை ஒன்றரை கிராம்கூட இருக்காது. அது விநாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் மோதினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 70,000 ஜூல். 1 டன் எடையுள்ள ஒரு கார், மணிக்கு 40 கி.மீ.க்கும் சற்று அதிகமான வேகத்தில் வந்து இடித்தால் எவ்வளவோ அவ்வளவு. அந்த மொத்த இடியும் ஒரு கோலிக்குண்டைவிடச் சின்ன இடத்தில் இறங்கும்.

1983ல் சேலஞ்சர் ஷட்டில் விண்வெளிக்குப் போய்த் திரும்பியபோது, அதன் ஜன்னல் கண்ணாடியில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. ஆராய்ந்து பார்த்ததில், மோதியது ஒரு பெயின்ட் துணுக்கு என்று தெரியவந்தது. வெறும் பெயின்ட்! அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. 2021ல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் இயந்திரக் கையில் ஒரு துளை இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. எப்போது எது துளைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விண்வெளி நிலையத்தின் பாதுகாப்புக் கவசம் சுமார் 1 செ.மீ. வரையிலான துண்டுகளைத் தாங்கும். ரேடார்கள் பொதுவாக 10 செ.மீ.க்கு மேல் உள்ளவற்றைக் கண்காணிக்கும். அவை வந்தால் நிலையம் விலகிக்கொள்ளலாம். இடைப்பட்ட அளவில் இருப்பவற்றைத் தடுக்கவும் முடியாது, வருவதைப் பார்க்கவும் முடியாது. 1 செ.மீ.க்கு மேல் உள்ள துண்டுகள் 12 லட்சத்துக்கும் அதிகமாக இருக்கலாம் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் 2025ஆம் ஆண்டு மதிப்பீடு. கண்காணிப்பில் இருப்பவை சுமார் 40,000 மட்டுமே.

காட்சி 4: திரும்பிப் போக வண்டி இல்லை

படத்தில் பார்வையாளர்களை அதிகம் பதற வைத்த விஷயம், தப்பிக்க வைத்திருந்த கலமே சேதமடைவது. 'எல்லாமே ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா?' என்று கேட்டவர்கள் உண்டு.

2022 டிசம்பரில், சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் எம்.எஸ் 22 கலத்தில் இருந்து குளிரூட்டும் திரவம் பீய்ச்சியடித்து வெளியேறியது. மிகச் சின்ன விண்கல் துணுக்கு துளைத்துவிட்டது என்று ரஷ்யா சொன்னது. இது மனிதன் போட்ட குப்பை இல்லை, இயற்கையாக வந்த துகள். ஆனால் விளைவு அதேதான். அந்தக் கலத்தில் மூன்று பேரை ஏற்றி இறக்குவது ஆபத்து என்று முடிவானது. ஆள் இல்லாமல் இன்னொரு சோயுஸ் 2023 பிப்ரவரியில் மேலே அனுப்பப்பட்டது. ஆறு மாசத்துக்குப் போன ஃபிராங்க் ரூபியோவும் இரண்டு ரஷ்ய வீரர்களும் 371 நாள் கழித்துத்தான் தரையைத் தொட்டார்கள்.

இப்போ ஷென்ஷோ 20க்கு வருவோம். ஜன்னல் விரிசல் விட்ட கலத்தை விட்டுவிட்டு, மூன்று வீரர்களும் 2025 நவம்பர் 14 அன்று ஷென்ஷோ 21ல் பத்திரமாகத் திரும்பினார்கள். நல்ல முடிவு. ஆனால் ஷென்ஷோ 21 யாருடைய கலம்? அடுத்து வந்த மூன்று பேருடையது. அவர்கள் மேலே இருக்கிறார்கள், அவர்களுடைய வண்டி கீழே வந்துவிட்டது. நவம்பர் 25 அன்று ஆள் இல்லாத ஷென்ஷோ 22 அவசரமாக ஏவப்பட்டு போய்ச் சேரும் வரை, சுமார் 11 நாள், அந்த மூன்று பேருக்கும் நம்பகமான கலம் எதுவும் இல்லை. அந்த நாட்களில் இன்னொரு துணுக்கு நிலையத்தைத் துளைத்திருந்தால், விரிசல் விட்ட ஷென்ஷோ 20தான் கதி.

காட்சி 5: சங்கிலித் தொடர் மோதல்

படத்தின் அச்சாணியே இதுதான். ஒன்று உடைந்து, அதன் துண்டுகள் இன்னொன்றை உடைத்து, அதன் துண்டுகள் மேலும் பலவற்றை உடைப்பது.

இது திரைக்கதைக்காகக் கண்டுபிடித்தது இல்லை. 1978ல் நாசா விஞ்ஞானிகள் டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பலேயும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. சுற்றுப்பாதையில் பொருள்களின் எண்ணிக்கை ஒரு எல்லையைத் தாண்டினால், புதிதாக ஒரு ராக்கெட்கூட விடாமல் இருந்தாலும், மோதல்களாலேயே குப்பை பெருகிக்கொண்டே போகும் என்பது அதன் சாரம். இதை 'கெஸ்லர் சிண்ட்ரோம்' என்கிறார்கள்.

முதல் பெரிய சாட்சி 2009 பிப்ரவரி 10 அன்று கிடைத்தது. வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்காவின் இரிடியம் 33 செயற்கைக்கோளும், செயலிழந்த ரஷ்யாவின் காஸ்மோஸ் 2251ம் சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ. உயரத்தில் மோதிக்கொண்டன. இரண்டு முழு செயற்கைக்கோள்கள் மோதிய முதல் சம்பவம் அது. கண்காணிக்கக்கூடிய துண்டுகளே 2,000க்கும் மேல். படம் வெளியாவதற்கு 4 வருஷம் முன்பே இது நடந்துவிட்டது.

ஆக, ஏவுகணை நடந்தது. 90 நிமிடச் சுற்று நடந்தது. கலம் சேதமானது நடந்தது. மோதலும் நடந்தது. படத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு தப்பு: வேகம். படத்தில் ஒன்றரை மணி நேரத்தில் நடக்கும் சங்கிலித் தொடர், நிஜத்தில் பல பத்தாண்டுகள் எடுக்கும்.

'மெதுவாத்தானே நடக்கும்?' என்பது ஆறுதலா?

படத்தைக் குறை சொல்பவர்களின் கடைசி ஆயுதம் இதுதான். 'பத்தாண்டுகள் ஆகும்னா அப்புறம் என்ன பயம்?'

உண்மையில், இந்த இடத்தில் நிஜம் படத்தைவிட மோசமானது.

காரணம் உயரம். 400 கி.மீ. அளவில் சிதறும் துண்டுகளை மெல்லிய காற்று உரசி உரசி, சில மாசத்தில் இருந்து சில வருஷத்துக்குள் கீழே இழுத்து எரித்துவிடும். இந்தியாவின் மிஷன் சக்தி சோதனை சுமார் 300 கி.மீ. உயரத்தில் நடந்ததால், பெரும்பாலான துண்டுகள் சில மாசத்திலேயே எரிந்துபோயின. ஆனால் அப்போதும், சில துண்டுகள் விண்வெளி நிலையத்தின் உயரத்துக்கும் மேலே தூக்கி எறியப்பட்டதாக நாசா கண்டித்தது.

800 கி.மீ.க்கு மேலே போனால் கதையே வேறு. அங்கே காற்று இல்லாத மாதிரிதான். அங்கு விழுந்த குப்பை நூறு வருஷமானாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சீனா 2007ல் உடைத்த செயற்கைக்கோள் இருந்தது சுமார் 860 கி.மீ. உயரத்தில். அதில் இருந்து 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள் கணக்கெடுக்கப்பட்டன. பெரும்பகுதி இன்னும் மேலேதான் சுற்றுகிறது. ஐரோப்பாவின் என்விசாட் இன்னொரு உதாரணம். 8 டன் எடை, சுமார் 770 கி.மீ. உயரம், 2012ல் இருந்து எந்தத் தொடர்பும் இல்லை. நெடுஞ்சாலையில் லைட் கூட போடாமல் விட்டுவிட்டுப் போன லாரி மாதிரி. இன்னும் நூறு வருஷத்துக்கும் மேல் அங்கேயேதான் இருக்கும்.

படத்தில் ஆபத்து கண் முன்னால் தெரிகிறது. எல்லோரும் பயப்படுகிறார்கள். நிஜத்தில் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதால், எந்த ஒரு நாளும் 'இன்றைக்குத்தான் எல்லை தாண்டியது' என்று யாராலும் சொல்ல முடியாது. குப்பை போட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். பாதிப்பு அவருடைய பேரப்பிள்ளை காலத்தில் வரும். மெதுவாக வரும் கடன்தான் சத்தமில்லாமல் வட்டி ஏறும்.

மேலே இப்போ எவ்வளவு நெரிசல்?

படம் வந்த 2013ல், உலகத்தில் வேலை செய்துகொண்டிருந்த செயற்கைக்கோள்கள் ஆயிரத்துச் சொச்சம். இப்போது 10,000ஐத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி எலான் மஸ்க்கின் ஸ்டார்லிங்க்.

ஸ்டார்லிங்க் தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அவை சுமார் 550 கி.மீ. அளவில் இருப்பதால், பழுதானாலும் சில வருஷத்தில் தானாகவே விழுந்து எரிந்துவிடும். மோதல் வரும் என்று தெரிந்தால் தானாகவே விலகும் வசதியும் உண்டு. ஆனால் அந்த விலகல் எத்தனை முறை நடக்கிறது என்பதுதான் விஷயம். 2024 டிசம்பரில் தொடங்கிய ஆறு மாசத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான முறை ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் விலகியிருக்கின்றன. அதாவது, எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் வரை பிரச்சினை இல்லை. கட்டுப்பாடு தவறினால்?

நம்ம டிவி, போன், வானிலை எல்லாம் என்ன ஆகும்?

இதில் பீதி தேவையில்லை. டி.டி.ஹெச். ஒளிபரப்பும், புயலைக் கண்காணிக்கும் இன்சாட் வரிசையும் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. ஜி.பி.எஸ். சுமார் 20,000 கி.மீ. உயரத்தில். தாழ்வான பாதையில் மோதல் நடந்தால் இவை உடனே பாதிக்கப்படாது.

ஆனால், அந்த உயரத்துக்குப் போகிற ராக்கெட் எல்லாமே தாழ்வான பாதையைத் தாண்டித்தான் போக வேண்டும். பயிர், வெள்ளம், கடலோரம் ஆகியவற்றைப் படம் எடுக்கும் தொலையுணர்வு செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் 500 முதல் 800 கி.மீ. வரையிலான பாதையில்தான் சுற்றுகின்றன. வீரர்களுடன் போகவிருக்கும் ககன்யானின் இலக்கு சுமார் 400 கி.மீ. இந்தியா 2035க்குள் அமைக்க நினைக்கும் சொந்த விண்வெளி நிலையமும் இதே தாழ்வான பாதையில்தான்.

4 விநாடி தாமதம்: இந்தியாவின் அனுபவம்

2023 ஜூலை 14. சந்திரயான் 3 ஏவப்படுவதை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஏவுதல் 4 விநாடி தள்ளிவைக்கப்பட்டது என்பது அப்போது பலருக்குத் தெரியாது. ராக்கெட் போகும் பாதையில் மேலே ஒரு பொருள் நெருங்கி வர வாய்ப்பு இருந்ததுதான் காரணம். அதே மாதம் 30ஆம் தேதி சிங்கப்பூர் செயற்கைக்கோளோடு கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டும் 1 நிமிடம் தாமதமாகவே ஏவப்பட்டது. காரணம் அதேதான்.

இந்தியாவும் இந்தக் குப்பையில் பங்கு வைத்திருக்கிறது. 2001ல் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி3 ராக்கெட்டின் கடைசி அடுக்கு, வேலை முடிந்தபின் சுற்றுப்பாதையிலேயே வெடித்து 300க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது.

அதில் இருந்து இஸ்ரோ கற்றுக்கொண்டதும் உண்டு. 2023 மார்ச்சில் மேகா டிராபிக்ஸ் 1 செயற்கைக்கோளை, மீதமிருந்த எரிபொருளைப் பயன்படுத்தி, பசிபிக் கடலுக்கு மேலே திட்டமிட்டு எரிய வைத்தது. 2024 பிப்ரவரியில் கார்ட்டோசாட் 2ம் கீழே இறக்கப்பட்டது. அப்படியே விட்டிருந்தால் அது தானாக விழப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். 2030க்குள் இந்தியாவின் எல்லா விண்வெளிப் பயணங்களும் குப்பை இல்லாததாக இருக்கும் என்று 2024ல் இஸ்ரோ அறிவித்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. செயற்கைக்கோளை உடைக்கும் ஏவுகணைச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. 155 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா, சீனா எதிர்த்தன. இந்தியா வாக்களிக்கவில்லை. இலங்கையும் வாக்களிக்கவில்லை. அந்தத் தீர்மானமும் யாரையும் கட்டுப்படுத்தாது, வெறும் வேண்டுகோள்தான்.

சுத்தம் செய்ய முடியாதா?

தொழில்நுட்பம் மெல்ல வருகிறது. 2024ல் ஜப்பானின் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனத்தின் ஒரு கலம், 2009ல் ஏவப்பட்ட ஜப்பானிய ராக்கெட்டின் கைவிடப்பட்ட பாகத்தை 15 மீட்டர் வரை நெருங்கிச் சென்று படம் எடுத்தது. அடுத்த கட்டம், பிடித்துக் கீழே இழுப்பது.

பெரிய தடை சட்டம். 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின்படி, ஒரு நாடு ஏவிய பொருள் செத்துக் கிடந்தாலும் அது அந்த நாட்டின் உடைமைதான். இன்னொரு நாடு அனுமதி இல்லாமல் தொட முடியாது. 1972ஆம் ஆண்டு பொறுப்பு ஒப்பந்தத்தின்படி, தரையில் விழுந்து சேதம் செய்தால் ஏவிய நாடு நஷ்டஈடு தர வேண்டும். விண்வெளியிலேயே மோதினால், யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டும். ஷென்ஷோ கண்ணாடியில் விரிசல் விட்ட அந்தத் துணுக்கு எந்த நாட்டுடையது என்று எப்படி நிரூபிப்பது?

புதிய குப்பை சேராமல் தடுப்பது இதைவிடச் சுலபம். தாழ்வான பாதையில் உள்ள செயற்கைக்கோளை, ஆயுள் முடிந்த 5 வருஷத்துக்குள் இறக்க வேண்டும் என்று அமெரிக்கா 2022ல் விதி கொண்டுவந்தது. முன்பு இது 25 வருஷமாக இருந்தது. ஆனால் இப்படி எல்லா நாடுகளையும் கட்டிப்போடும் உலகப் பொதுச் சட்டம் எதுவும் இன்றுவரை இல்லை.

அப்போ, படம் சரியா தப்பா?

கதாநாயகி தப்பித்த விதம் சினிமா. தொடர்பு அறுந்தது சினிமா. ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் நொறுங்கியது சினிமா.

ஆனால், ஒரு நாடு பொறுப்பில்லாமல் உடைத்த ஒரு செயற்கைக்கோள், அதற்குச் சம்பந்தமே இல்லாத வீரர்களின் உயிருக்கு ஆபத்தாக முடியும் என்ற அடிப்படைக் கரு, சினிமா இல்லை. 2021ல் டிராகனிலும் சோயுஸிலும் பதுங்கிய 7 பேருக்கு அது தெரியும். தப்பிக்க வைத்திருந்த கலமே கைவிடும் என்பதும் சினிமா இல்லை. 371 நாள் காத்திருந்த மூன்று பேருக்கும், 11 நாள் நம்பகமான கலம் இல்லாமல் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும்.

இதுவரை இந்தச் சம்பவங்கள் எதிலும் உயிரிழப்பு இல்லை. மாற்றுக் கலம் தயாராக இருந்தது, எச்சரிக்கை நேரத்துக்கு வந்தது. படத்தில் வரும் வீரர்களுக்குக் கிடைக்காதது அதுதான். அடுத்த ராக்கெட்டில் இந்திய வீரர்கள் ஏறும்போதும் அது கிடைக்குமா என்பது, மேலே எவ்வளவு குப்பை சேர விடுகிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.